கொய்யா இலையில் குரங்கு முகம்: இது என்ன, மருந்து அடிக்கலாமா?

பெரும்பாறைக்காரி எழுதியது:

வணக்கம். பெரும்பாறைப் பக்கம், காட்டை ஒட்டி எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை நிழலில் காப்பி; நிழல் மரங்களில் மிளகுக் கொடி; வீட்டுக்குப் பின்னால் சில கொய்யா மரங்கள். இந்தக் கோடையில் கொய்யாவில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. ஓடைப் பக்கத்துக் காப்பி வரிசைகளிலும் கணுவுக்குக் கணு வெள்ளை ஏறியிருக்கிறது. இலையைத் தொட்டால் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், போதாததற்கு எறும்புச் சாரை.

அடிவாரத்து மருந்துக் கடையில் விசாரித்தேன். என்ன மரம், எத்தனை மரம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்கள். வாங்கி வந்தாயிற்று. இன்னும் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கிளையில் அதிகம் என்று பார்த்துக்கொண்டே போனபோது, இலைகளின் மேல்பக்கம், நடு நரம்பை ஒட்டி, மிளகு அளவில் ஏதோ ஒட்டியிருந்தது. குருவி எச்சம் என்றுதான் தோன்றியது. கிளையை வளைத்து அருகே கொண்டுவந்து பார்த்தால் முகம்! மேடான நெற்றி, இரண்டு கருங்கண், சப்பை மூக்கு, இறுக மூடிய வாய். அசல் குரங்கு முகம். ஒன்று என்றால் தற்செயல் எனலாம். அதே மரத்தில் பல இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அதே முகம். களையெடுக்க வரும் அக்கா பார்த்துவிட்டு, "மரத்தின் மேலே இருக்கிற குரங்குகள் பழத்தைத் தின்பது போதாதா, இலையிலும் வந்து உட்கார்ந்துவிட்டதா?" என்று சிரிக்கிறார்.

இது என்ன பூச்சி? காப்பிக்கோ கொய்யாவுக்கோ கெடுதல் செய்யுமா? மாவுப்பூச்சியோடு இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பாட்டில் மூடியே இருக்கும்.

கொடிக்கால் எழுதியது:

அக்கா, கூட்டுப்புழு போலத் தெரிகிறது. முகம் இருந்தால் என்ன, முதுகு இருந்தால் என்ன, புழு என்றால் இலையைத் தின்னும். மாவுப்பூச்சியோடு சேர்த்து அதையும் ஒழித்துவிடுங்கள். கடை மருந்து வேண்டாம் என்றால் மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி அடியுங்கள். மாவுப்பூச்சி விஷயத்தில் யோசித்துக்கொண்டு நின்றால் தோட்டம் கையைவிட்டுப் போய்விடும். என் பப்பாளி போன கதை தனி. பிறகு சொல்கிறேன்.

பரங்கிக்காய் எழுதியது:

அம்மா, பாட்டில் அப்படியே இருக்கட்டும். கொடிக்கால் தம்பி, புழு என்றால் இலை தின்னும் என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வண்ணத்துப்பூச்சிக்குப் பொருந்தும். மிச்சமிருக்கும் ஒன்றில் சேர்ந்தது இது.

நீங்கள் பார்த்தது ஏப்ஃபிளை என்னும் சிறிய வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. விலங்கியல் பெயர் ஸ்பால்ஜிஸ் எபியஸ். நீலன்கள் குடும்பம். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை இருக்கிறது. இறக்கையை விரித்தால் இரண்டிலிருந்து மூன்று செ.மீ.தான் வரும். இதன் புழு இலையைத் தொடாது. மாவுப்பூச்சிதான் உணவு, செதில் பூச்சி கிடைத்தால் அதையும் தின்னும். முட்டையை விட்டு வெளியே வந்தது முதல் கூட்டுப்புழு ஆகும் வரை அதற்குப் புலால் மட்டுமே.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சி வளர்ப்புக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். கிரிப்டோலீமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டை வளர்த்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்போம். இந்தப் பொறிவண்டு 1898-இலேயே, காப்பியில் பச்சைச் செதில் பூச்சியை அடக்குவதற்காக இந்தியாவுக்கு வந்துவிட்டது. பொறிவண்டுக்குத் தீனி மாவுப்பூச்சி. மாவுப்பூச்சிக்குத் தீனி பரங்கிக்காய். காம்பு ஒடியாத, மேடுபள்ளமாக வரி ஓடிய, தோலில் காயமில்லாத காயாகப் பொறுக்கி வாங்குவோம். பூசணக்கொல்லிக் கரைசலில் கழுவி, நிழலில் உலர்த்தி, கீறல் இருந்தால் மெழுகு உருக்கி அடைத்து, மேலே மாவுப்பூச்சியின் முட்டைப்பைகளை வைத்துவிட்டால், சில வாரங்களில் காய் முழுவதும் வெள்ளை பூத்துவிடும். பிறகுதான் பொறிவண்டை விடுவது. கூடத்தின் ஜன்னல் வலையில் ஓட்டை விழுந்த நாட்களில் நாங்கள் அழைக்காமலே ஏப்ஃபிளை உள்ளே நுழைந்து முட்டை வைத்துவிடும். பொறிவண்டுக்காக வளர்த்ததை இதன் புழுக்கள் தின்று தீர்க்கும். எங்கள் மேற்பார்வையாளருக்கு அதைக் கண்டாலே ஆகாது. எனக்கோ மதியச் சாப்பாட்டு வேளையில் லென்ஸும் கையுமாக உட்கார இதைவிட நல்ல காட்சி வேறு கிடையாது.

பெண்பூச்சி மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவிலேயே ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். இளம்பச்சை நிறம், தட்டையான வட்டம், வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி. புழு வெளிவந்த புதிதில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். மாவுப்பூச்சித் தாய் பஞ்சுப் பை ஒன்று கட்டி நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும் அல்லவா, அந்தப் பைக்குள் நுழைந்துகொண்டு, உள்ளிருந்தபடியே தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் பையில் எந்த மாற்றமும் தெரியாது. ஊசி முனையால் பஞ்சை விலக்கினால் ஒரு பக்கம் மஞ்சள் முட்டைகள், மறுபக்கம் வெறும் ஓடுகள், நடுவில் இவர். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுகளுக்கு மாறும், அப்புறம் தாய்ப்பூச்சிகள். தலையை எப்போதும் உடம்புக்கு அடியில் ஒளித்தே வைத்திருக்கும். தின்னும்போது மட்டும் முன்பக்கத்து மடிப்புக்குள்ளிருந்து தலை நீண்டு மாவுப்பூச்சியின் அடிப்பக்கமாகப் போகும். பாதி உடம்பு போன பிறகும் மாவுப்பூச்சியின் கால்கள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இளகிய மனம் படைத்தவர்கள் லென்ஸைக் கீழே வைத்துவிடலாம்.

இரையின் மெழுகுப்பொடி, கிழிந்த பஞ்சு, உரிந்த தோல் எல்லாம் புழுவின் முதுகில் உள்ள குட்டை மயிரில் சிக்கிக்கொள்ளும். தின்னத் தின்ன இந்தப் போர்வை தடித்துக்கொண்டே போகும். நன்றாக வளர்ந்த புழு ஒரு செ.மீ. அளவு இருக்கும். ஆனாலும் வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் அது ஒரு வெள்ளைக் கட்டி, அவ்வளவுதான்.

உங்கள் மரத்தில் வெள்ளையாக மூன்று வகை இருக்கக்கூடும். பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். மாவுப்பூச்சி முட்டை வடிவில், ஓரத்தில் குட்டை மெழுகு இழைகளோடு கூட்டமாக இருக்கும். பொறிவண்டின் புழுவும் வெள்ளைதான், மாவுப்பூச்சி என்றே பலரும் அதை நசுக்கிவிடுகிறார்கள். அதற்கு மெழுகு இழைகள் நீளமாக, தாறுமாறாகத் தொங்கும், காலை எட்டி வைத்து விறுவிறுவென்று நடக்கும். மூன்றாவது நம் ஆள். இழை இருக்காது, ஒழுங்கில்லாத பொடிக்கட்டியாகத் தெரியும், கால் வெளியே தெரியாது, நகர்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக ஊரும். சந்தேகமிருந்தால் நுனிப்புல்லால் முதுகைத் தடவுங்கள். பொடி விலகி, அடியில் வழவழப்பில்லாத பழுப்புப் பச்சைத் தோல் தெரியும்.

முட்டை பொரிய நான்கு நாள் அளவு ஆகும். புழுப் பருவம் ஒன்பது பத்து நாள், அதற்குள் மூன்று முறை தோல் உரிக்கும். கூட்டுப்புழுவுக்கும் ஏறக்குறைய அதே காலம். மொத்தம் மூன்றரை வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். நீங்கள் கூட்டுப்புழுக்களைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், அந்தக் கிளையில் ஒரு சுற்று வேட்டை நடந்து முடிந்திருக்கிறது என்று பொருள். லென்ஸ் இருக்கிறதா? நாளைக் காலை அந்த முகங்களைச் சுற்றியுள்ள முட்டைப்பைகளைக் கிளறிப் பாருங்கள்.

மல்பெரிக்காரன் எழுதியது:

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். மல்பெரியில் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி வந்தால் நுனி சுருண்டு, இலை கெட்டியாகி, முடிச்சு விழுந்துவிடும். டுக்ரா என்பார்கள். சுருண்ட நுனியைப் பிரித்துப் பார்க்கும்போது இந்தக் குரங்கு முகங்களைக் கண்டிருக்கிறேன். எங்களுக்கு மருந்து அடிக்கிற வசதியே கிடையாது. இலையில் துளி நஞ்சு இருந்தாலும் பட்டுப்புழு சுருண்டுவிடும், அந்தத் தட்டு முழுவதும் நஷ்டம். அதனால் பொறிவண்டும் இந்த முகமும்தான் எங்களுக்குத் துணை. நுனியைக் கிள்ளி எரிக்கச் சொல்லுவார்கள். எரிப்பதற்கு முன்னால் பிரித்துப் பார்த்து, முகம் இருந்தால் அந்தத் துண்டை வரப்போரம் போட்டுவிடுவேன்.

பெரியவரிடம் ஒரு கேள்வி. மாவுப்பூச்சிக்கு எறும்பு காவல் இருக்கிறதே. பொறிவண்டைக் கடித்து விரட்டுகிற எறும்பு, இதை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது?

பெரும்பாறைக்காரி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. காலையில் பனி காய்வதற்குள் போய்விட்டேன். வீட்டில் தபால்தலை பார்க்கிற லென்ஸ் ஒன்று கிடந்தது, அது போதுமானதாக இருந்தது. முகம் ஒட்டியிருந்த இலைக்கு இரண்டு கணு கீழே, ஒரு பஞ்சுப்பையை முள்ளால் விலக்கினேன். நீங்கள் எழுதியதை எழுதியபடியே பார்த்தேன்: மஞ்சள் முட்டை, வெறும் ஓடு, நடுவில் சிறிய ஒருவர். வெளிச்சம் பட்டதும் பஞ்சுக்குள் திரும்பிப் புகுந்துகொண்டார். இன்னொரு கிளையில் பெரியது ஒன்று. புல்லால் தடவியதும் பொடி உதிர்ந்து பழுப்புத் தோல் தெரிந்தது. விறுவிறுவென்று நடக்கிற வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள். போன வாரம்வரை அவர்களையும் மாவுப்பூச்சிக் கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

மல்பெரிக்காரத் தம்பி கேட்டதையே நானும் கேட்கிறேன். கறுப்பு எறும்பு ஒன்று அந்தப் பெரிய புழுவின் முதுகில் ஏறி, மீசையால் தட்டிப் பார்த்துவிட்டு, இறங்கித் தன் வழியே போய்விட்டது. என் விரலை மட்டும் கடித்தது.

இன்னொன்று. அந்த முகம் எதற்கு? குரங்கைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அதுவும் மிளகு அளவுக் குரங்கு!

பரங்கிக்காய் எழுதியது:

எறும்பு விஷயம் சுவையானது. மாவுப்பூச்சி செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சும். உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, சர்க்கரை மிகுந்த மிச்சத்தைத் தேன் போலப் பின்னால் விட்டுவிடும். உங்கள் இலையில் பிசுபிசுப்பு என்று எழுதினீர்களே, அதுதான். எறும்புக்கு அது கூலி. கூலி வாங்குகிறவன் காவலும் காக்கிறான்.

நீலன்கள் குடும்பத்தில் பல இனங்களின் புழுக்களுக்கு முதுகில் ஒரு தேன் சுரப்பி உண்டு. எறும்பு வந்து தட்டினால் ஒரு சொட்டு விடும். அதாவது அவை எறும்புக்கு லஞ்சம் கொடுத்துப் பிழைப்பவை. ஏப்ஃபிளை சேர்ந்த கிளைக்குடும்பத்துக்கு அந்தச் சுரப்பி இல்லை. லஞ்சம் இல்லாமல் வேஷம் போட்டே காரியத்தைச் சாதிக்கிற கூட்டம் அது. மீசையால் தட்டிப் பார்க்கிற எறும்புக்கு முதலில் தட்டுப்படுவது மாவுப்பூச்சியின் மெழுகுதான். நடையோ ஊர்ந்தும் ஊராத நடை, சந்தேகத்துக்கே இடமில்லை. தோலும் தடிப்பு. வட அமெரிக்காவில் இதற்கு ஓர் உறவு உண்டு, ஹார்வெஸ்டர் என்று பெயர். அதன் புழு பஞ்சு அசுவினியைத் தின்னும். அந்தப் புழுவின் தோல்மேல் உள்ள வேதிப்பொருள்கள் அது தின்கிற அசுவினியின் தோலை ஒத்திருப்பதாக 2006-இல் ஆய்வு வெளிவந்தது. எறும்புக்கு உலகமே வாசனைதான், வாசனை ஒத்துப்போனால் கண்ணால் பார்த்துச் சந்தேகப்பட அதற்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஹார்வெஸ்டரின் கூட்டுப்புழுவுக்கும் குரங்கு முகம் உண்டு. அந்த நாட்டுக் காட்டில் குரங்கே கிடையாது! அதனால் குரங்கைப் போல நடிக்கிறது என்ற கதையை நான் நம்புவதில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் உங்களுக்கு என்னவாகத் தெரிந்தது? குருவி எச்சம். குருவிக்கும் அப்படித்தான் தெரியும். எச்சத்தை எந்தக் குருவியும் கொத்தாது. முகத்தைக் கண்டுபிடித்தது மனிதர்கள்தான், நமக்கு மேகத்திலும் முகம் தெரியும்.

வெயில்துண்டு எழுதியது:

கோவையிலிருந்து எழுதுகிறேன். வண்ணத்துப்பூச்சிப் படம் எடுக்கிறவன். பெரியவர் சொன்னதில் கடைசிப் பத்தி தவிர மற்றதெல்லாம் சம்மதம்.

முகம் வெறும் தற்செயல் என்று அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம் ஐயா. 2010-இல் டேனியல் ஜான்சன், வினி ஹால்வாக்ஸ், ஜான் பர்ன்ஸ் ஆகிய மூவர், கோஸ்ட்டா ரிக்கா காடுகளில் பல ஆண்டுகள் சேகரித்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவற்றில் ஏராளமானவற்றுக்குப் பொய்க்கண்ணும் பொய்முகமும் இருக்கின்றன. எந்த விலங்கின் முகம் என்பது முக்கியமில்லை என்பது அவர்கள் வாதம். இலைக்கு இடையில் தலையை விட்டு இரை தேடுகிற சிறிய பறவைக்கு, திடீரென்று கண் போல ஒன்று எதிரே தெரிந்தால் பின்வாங்குவது பிறவிக்குணம். பாம்பா பல்லியா என்று நின்று நிதானித்துப் பார்க்கிற பறவை பிழைத்திருக்காது. அப்படிப் பார்த்தால் குரங்கு இல்லாத நாட்டிலும் அந்த முகத்துக்கு வேலை உண்டு. தூரத்துக்கு எச்சம், பக்கத்துக்கு முகம், இரண்டுமே இருக்கட்டுமே.

வளர்ந்த பூச்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதுகிற அளவுக்குப் பலரும் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். மேல்பக்கம் மங்கிய சாம்பல் பழுப்பு. பெண்ணுக்கு முன்னிறக்கையில் ஓரம் கரைந்த வெண்திட்டு ஒன்று. அழகெல்லாம் அடிப்பக்கத்தில்தான்: வெளிர்ச் சாம்பல் பட்டின்மேல் முடி இழை அளவில் பழுப்பு நெளிகோடுகள், முழு இறக்கையிலும். வாலில்லை, பொய்க்கண் இல்லை, பளபளப்பு இல்லை. தேடிப் போகிறவர்கள் பூக்களைப் பார்க்காதீர்கள், இதைப் பூவில் பார்ப்பது அரிது. காட்டோரப் பாதையில், மரக்கூரை விலகி வெயில் இறங்குகிற இடத்தில், தலைக்குச் சற்று மேலே இலை நுனிகளைப் பாருங்கள். ஆண் அங்கே இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு பூச்சி குறுக்கே போனால் விருட்டென்று கிளம்பும், கண் தொடரமுடியாத சுழல் ஒன்று போடும், பெரும்பாலும் அதே இலைக்கோ அடுத்த இலைக்கோ திரும்பிவிடும். இந்தப் பிடிவாதம்தான் படம் எடுக்கிறவனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை. இலையைக் குறிவைத்துக் காத்திருந்தால் போதும். பெண் வேண்டுமென்றால் மாவுப்பூச்சி பிடித்த செடியருகே நில்லுங்கள். தேன்பிசினை உறிஞ்சிக்கொண்டு, நடுநடுவே முட்டை வைத்துக்கொண்டு அங்கேயே சுற்றும். பிள்ளைகளின் சாப்பாடும் தன் சாப்பாடும் ஒரே இலையில்.

புலால் தின்னும் இன்னொரு நீலனும் நம் மலைத்தொடரில் உண்டு: மாத் பட்டர்ஃபிளை, லிஃபைரா பிராசோலிஸ். அதன் புழு முசுறு எறும்பின் இலைக்கூட்டுக்குள்ளேயே குடியிருந்து எறும்புக் குஞ்சுகளைத் தின்னும், கேடயம் மாதிரி தோலோடு. கேரளப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை.

அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொய்யாவைப் பார்க்க வரலாமா?

கொடிக்கால் எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் தோட்டம் நடத்துகிறவன் கேள்வி ஒன்றுதான்: இந்த வண்ணத்துப்பூச்சி மாவுப்பூச்சியை அடக்குமா, அடக்காதா?

பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில்தான் முதலில் தெரிந்தது. அடுத்த ஆண்டே எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வேலியோரத்துச் செம்பருத்தி எதையும் விடவில்லை. மரம் சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி நின்றது. அடிக்காத மருந்தில்லை. மெழுகின்மேல் மருந்து நிற்காமல் வழிந்து ஓடியதுதான் மிச்சம். அப்போது இந்தக் குரங்கு முகம் எங்கே போயிற்று? 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து, வேளாண் பல்கலைக்கழகம் மூலம் விட்டார்களே, அந்தச் சின்னக் குளவி, அதுதான் காப்பாற்றியது. வண்ணத்துப்பூச்சி இல்லை.

பரங்கிக்காய் எழுதியது:

தம்பி சொன்ன வரலாறு சரி. அந்தக் குளவி அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு எழுத்தின் முற்றுப்புள்ளி அளவில் இருந்துகொண்டு நாடு முழுவதும் பப்பாளியைக் காப்பாற்றியது. ஆனால் அது பப்பாளி மாவுப்பூச்சிக்கு மட்டுமே ஒட்டுண்ணி. பெரும்பாறைக் காப்பிக் கணுவில் உள்ள மாவுப்பூச்சி வேறு இனம், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஏப்ஃபிளை அப்படிப் பேதம் பார்ப்பதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது அதையும் தின்றது, பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. போதவில்லை என்பதும் உண்மை.

ஏன் போதவில்லை? இரை பெருகிய பிறகுதான் இது வந்து சேரும். வந்து ஒரு தலைமுறை வளர்ப்பதற்குள் நோய் முற்றியிருக்கும். நாமே வளர்த்து முன்கூட்டி விடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பொறிவண்டு டப்பாவுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். இவருக்கு வானம் வேண்டும். எங்கள் கூடத்தில் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கிக் கூண்டில் விட்டுப் பார்த்தோம். அழகாக வெளிவரும், வெளிச்சத்தை நோக்கி வலையில் முட்டும், இறக்கை கிழிந்து செத்துப்போகும். இணைசேர்வது என்பதே நடக்கவில்லை. பெங்களூர் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் 2000-களிலிருந்து இந்தப் பூச்சியின் வாழ்க்கை, எறும்பு உறவு, வளர்ப்பு என்று விடாமல் ஆராய்ந்தார்கள். அவ்வளவுக்குப் பிறகும் பொறிவண்டைப் போல டப்பாவில் அடைத்து விற்கிற சரக்காக இது ஆகவில்லை.

ஆகவே என் கருத்து இது. இதை நம்பித் தோட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இலவசமாக வந்து உழைக்கிறதை நாமே கொல்ல வேண்டாம் என்கிறேன். கடை மருந்து அடித்தால் முட்டைப்பைக்குள் இருக்கிற மாவுப்பூச்சி முட்டை தப்பித்துவிடும். வெளியில் இருக்கிற பொறிவண்டும் இந்தப் புழுவும்தான் முதலில் சாகும். பிறகு பொரிந்து வருகிற குஞ்சுகளுக்கு எதிரியே இருக்காது. தம்பியின் பப்பாளியிலும் பாதிக் கதை அதுதான் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பெரும்பாறைக்காரி எழுதியது:

கொடிக்கால் தம்பிக்கும் நன்றி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வெயில்துண்டு தம்பி, ஞாயிறு காலை பதினொரு மணிக்குள் வந்தால் வெயில் கொய்யாவின்மேல் இருக்கும். பஸ்ஸில் வருவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், பிரிவு ரோட்டிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்புகிறேன்.

ஐயா, கொய்யாவில் இவ்வளவு இருக்கின்றன. ஓடைப்பக்கத்துக் காப்பியில் தேடித் தேடிப் பார்த்தும் முகம் தட்டுப்படவில்லை. இங்கிருந்து அங்கே கொண்டுபோய் விடலாமா? முகத்தை எடுத்துப் போவதா, புழுவை எடுத்துப் போவதா?

பரங்கிக்காய் எழுதியது:

புழுவைத்தான். கூட்டுப்புழுவை மாற்றிப் பயனில்லை, அது தின்னாது. வெளிவந்த பூச்சி தானே பறந்து தேடிப் போய்விடும்.

புழுவை விரலால் எடுக்காதீர்கள். உடம்பு மெத்தென்றிருக்கும், நசுங்கிவிடும். போர்வை உதிர்ந்தால் எறும்பிடம் மாட்டிக்கொள்ளும். புழு இருக்கும் சிறு கிளையை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஏற்கெனவே மாவுப்பூச்சி மிகுந்திருக்கிற காப்பிச் செடியாகப் பார்த்து, முட்டைப்பைகளை ஒட்டிக் கணுவில் செருகுங்கள். சுத்தமாக இருக்கும் செடிக்குக் கொண்டுபோகாதீர்கள், கொய்யாக் குச்சியோடு மாவுப்பூச்சியும் போய் இறங்கிவிடும். குச்சி வாடியதும் புழு தானாகப் புதுக் கூட்டத்துக்கு ஏறிக்கொள்ளும். மாலை நேரம் நல்லது. மழை வருகிற மாதிரி இருந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

அதற்கு முன் எறும்பின் வழியை அடையுங்கள். இந்தப் புழுவை எறும்பு விட்டாலும் பொறிவண்டை விடாது. தரையைத் தொடும் காப்பிக் கிளைகளைக் கழித்துவிட்டு, தண்டைச் சுற்றிப் பசை தடவிய பட்டை கட்டுங்கள். களையில் சாய்ந்து நிற்கும் கிளை இருந்தால் அதுவும் எறும்புக்குப் பாலம்தான், பார்த்து வெட்டிவிடுங்கள். மிகவும் முற்றிய ஓரிரு கிளைகளை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் வெட்டியதும் எரிக்காமல் மல்பெரிக்காரத் தம்பி செய்வது போல நன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு. அப்படியும் அடங்கவில்லை என்றால் தம்பி சொன்ன சோப்புக் கரைசலை, முகமும் பொடிக்கட்டியும் இல்லாத செடிகளுக்கு மட்டும் அடியுங்கள்.

பாட்டிலைக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்காவிட்டால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், ஓடையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.